‘அவங்க உடம்பு வேற’ என்பது விடையாகுமா?
பெருங்குடல் புற்றுநோயை முன்வைத்து ஓர் அறிவியல் பாடம்

பத்தாம் வகுப்பு அறிவியலில் உடல்நலமும் நோய்களும் பற்றிய பாடத்தில் புற்றுநோய் வருகிறது. செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுதல், காரணிகள், சிகிச்சை முறைகள் என்று இரண்டு பாடவேளைகளில் முடித்துவிடலாம். ஆனால் மாணவர்களைப் பேசவிட்டால் பாடநூலில் இல்லாத ஒரு கேள்வி எழும். ஒரே நோய் வந்த இருவரில் ஒருவர் பிழைக்கிறார், மற்றவர் இறக்கிறார். ஒரு கூட்டத்தாரில் பலர் பிழைக்கிறார்கள், வேறொரு கூட்டத்தாரில் பலர் இறக்கிறார்கள். ஏன்?

பெரும்பாலும் வகுப்பிலிருந்தே உடனடியாக ஒரு விடை வரும்: “அவங்க உடம்பு வேற, டீச்சர்.”

எளிமையான விடைதான். ஆனால் இதை ஏற்றுக்கொண்டால் அதற்குமேல் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. உடம்பே வேறு என்றால் மருத்துவமனையின் தொலைவைப் பற்றியோ, உணவைப் பற்றியோ, கூலியைப் பற்றியோ யாரும் யோசிக்க வேண்டியதில்லை. பழங்குடி மாணவர்களும் சமவெளியிலிருந்து வந்த மாணவர்களும் ஒரே பெஞ்சில் அமரும் எங்கள் ஏற்காடு மலைப்பகுதிப் பள்ளிகளில் இந்த விடை ஒரு பிள்ளையின் மனத்தில் என்ன செய்யும் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். எனவே அந்த விடையை அறிவியல் முறைப்படி சோதித்துப் பார்க்கும் ஒரு பாடத்தை இக்கட்டுரை முன்வைக்கிறது. அதற்கு எடுத்துக்கொண்ட நோய் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய். இனவேறுபாடு பற்றி உலகில் மிக அதிகமாக ஆராயப்பட்ட நோய்களில் இதுவும் ஒன்று.

பாடத்தின் நோக்கங்கள்

1. ஒரு நோயின் உயிரியலையும் நோயாளியின் சமூகச் சூழலையும் பிரித்தறிதல்.
2. சராசரி, சதவீதம் ஆகியவற்றை அடிப்படை எண்ணிக்கையோடு சேர்த்துப் படித்தல்.
3. ‘இனம்’ என்னும் சொல் எதைக் குறிக்கிறது, எதைக் குறிக்கவில்லை என்று உணர்தல்.
4. அறிகுறிகளை அறிந்து வீட்டாரிடம் கூச்சமின்றிச் சொல்லுதல்.

முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம்

பெருங்குடலின் உட்சுவர் சில நாள்களுக்கு ஒருமுறை தன் செல்களைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. இவ்வளவு வேகமாகச் செல்பிரிதல் நடக்கும் இடத்தில் நகலெடுப்பில் பிழை நேர வாய்ப்பும் அதிகம். ஏபிசி என்ற மரபணுவில் சடுதி மாற்றம் ஏற்பட்டால் அந்த இடத்தில் பாலிப் எனப்படும் சிறு மொட்டு முளைக்கலாம். அதன்மேல் கேராஸ், டிபி53 போன்ற மரபணுக்களிலும் மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேரும்போது மொட்டு புற்றாகிறது. இந்தப் படிவரிசையை அமெரிக்காவின் ஃபியரன், வோகல்ஸ்டைன் என்ற இரு ஆய்வாளர்கள் 1990-இல் விளக்கினர்.

இதில் நாம் அழுத்திச் சொல்ல வேண்டியது காலத்தை. மொட்டு புற்றாக மாறுவதற்குப் பெரும்பாலும் பத்து ஆண்டு அளவு ஆகிறது. அதற்குள் கொலனோஸ்கோப்பி என்ற குழாய்க் கருவியால் பார்த்து அந்த மொட்டை அகற்றிவிட்டால் புற்றுநோய் வராமலே தடுத்துவிடலாம். இவ்வளவு நீண்ட அவகாசம் தரும் புற்றுநோய்கள் மிகச் சிலவே.

அவகாசத்தைப் பயன்படுத்தினால் என்ன, தவறவிட்டால் என்ன என்பதை அமெரிக்கப் புள்ளிவிவரம் காட்டுகிறது. குடல் சுவரைத் தாண்டாத நிலையில் கண்டறியப்பட்டவர்களில் 100-க்கு சுமார் 90 பேர் ஐந்து ஆண்டுகளைக் கடக்கிறார்கள். அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருந்தால் சுமார் 70 பேர். கல்லீரல், நுரையீரல் என்று தொலைவுக்குப் பரவிய பின் கண்டறிந்தால் ஏறத்தாழ 15 பேர் மட்டுமே.

அமெரிக்காவின் கணக்கு

‘பிளாக் பாந்தர்’ படத்தின் நாயகன் சாட்விக் போஸ்மேனை நம் மாணவர்களில் பலருக்குத் தெரியும். அவர் 2020 ஆகஸ்டில், 43 வயதில், பெருங்குடல் புற்றுநோயால் இறந்தார். அவர் இறந்த பிறகுதான் இந்த நோயில் கறுப்பினத்தவர் படும் பாடு உலகெங்கும் பேசப்பட்டது. அமெரிக்கக் கறுப்பினத்தவருக்கு இந்நோய் வருவது வெள்ளையரைவிட ஏறத்தாழ 20 சதவீதம் அதிகம். இறப்பதோ ஏறத்தாழ 40 சதவீதம் அதிகம்.

இந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதி, மாணவர்களையே பேசவிடுங்கள். வருவது 20 சதவீதம்தான் அதிகம் என்றால் இறப்பதும் அதே அளவுதானே அதிகமாக இருக்க வேண்டும்? கூடுதலான இறப்பு எங்கிருந்து வந்தது? நோய் வந்த பிறகு ஏதோ நடக்கிறது என்று ஒரு மாணவராவது சொல்லிவிடுவார்.

அமெரிக்க ஆய்வாளர்கள் இதற்கு இரண்டு வகையில் விடை தேடினார்கள். ஒரு பிரிவினர் கட்டியின் உயிரியலைப் பார்த்தனர். மற்றவர்கள் காப்பீடு, பரிசோதனை, சிகிச்சை கிடைக்கும் விதம் ஆகியவற்றைப் பார்த்தனர். இரண்டு பக்கமும் கிடைத்தவற்றை மாணவர்முன் வைப்பதே நேர்மை.

கட்டியின் உயிரியல் சொல்வது

கறுப்பின நோயாளிகளுக்குப் பெருங்குடலின் வலப்பக்கத்தில், அதாவது தொடக்கப் பகுதியில், கட்டி வருவது கூடுதலாகக் காணப்படுகிறது. அங்கே வரும் கட்டி வெளியே தெரிய நாளாகும். இளம் வயதில் வருவதும் அவர்களிடம் அதிகம். கேராஸ் மரபணு மாற்றம் அவர்களின் கட்டிகளில் கூடுதலாக இருப்பதாகச் சில ஆய்வுகள் கண்டன. அந்த மாற்றம் உள்ள கட்டிகளில் சில மருந்துகள் வேலை செய்வதில்லை. இவை உண்மைகள், மறைக்க வேண்டியவை அல்ல.

ஆனால் இங்கே மாணவர்கள் தெளிவாகப் பிரித்தறிய வேண்டிய ஒன்று இருக்கிறது. கட்டியின் மரபணு வேறு, மனிதர் பெற்றோரிடமிருந்து பெற்ற மரபணு வேறு. கட்டியில் காணும் மாற்றங்களில் பெரும்பாலானவை பிறவியில் வந்தவை அல்ல. வாழ்நாளில், குடல் சுவரில், அங்கே வந்து சேரும் பொருள்களின் நடுவில் உண்டானவை. பரம்பரையாக வரும் வகையும் உண்டு. டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் மரபணுக்களில் ஒன்று பழுதாகப் பிறப்பவர்களுக்கு லிஞ்ச் நோய்த்தொகுதி வருகிறது. அது எல்லா நாட்டுக் குடும்பங்களிலும் இருக்கிறது. மொத்த நோயாளிகளில் அவர்கள் மிகச் சிறு பங்கினர்.

மரபணு மெய்யாகவே ஒரு மக்கள் கூட்டத்தில் செறிந்திருப்பதற்கு நம் மாநிலத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் செல் மரபணு இருப்பதை 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் கண்டறிந்தனர். அது ஒற்றை மரபணுவால் வருவது. மலேரியாவிலிருந்து ஓரளவு காத்ததால் மலேரியா மிகுந்த பகுதிகளில் நிலைத்தது. ஆப்பிரிக்காவிலும் இருக்கிறது, கிரேக்கத்திலும் இருக்கிறது, இந்தியாவிலும் இருக்கிறது. தோல் நிறத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அது மலேரியாக் கொசு இருந்த இடங்களின் வரலாறு. இனத்தின் எல்லைக்கோட்டை அது மதிக்கவில்லை.

ரிச்சர்ட் லெவான்டின் 1972-இல் செய்த கணக்கையும் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் சொல்லலாம். மனித மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 சதவீதம் ஒரே மக்கள் கூட்டத்துக்குள் இருக்கும் தனிமனிதர்களுக்கு இடையிலானது. இனங்கள் என்று நாம் பெயரிடும் பெரும் பிரிவுகளுக்கு இடையே இருப்பது சிறு பகுதியே.

ஒரே வம்சம், வேறு உணவு

‘உடம்பு வேற’ என்ற விடையைச் சோதிக்கச் சிறந்த வழி, ஒரே வம்சத்தார் இரண்டு இடங்களில் எப்படி இருக்கிறார்கள் என்று பார்ப்பது.

அமெரிக்காவில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு இந்நோய் ஆண்டுக்கு லட்சத்தில் சுமார் 65 பேருக்கு வந்துகொண்டிருந்த காலத்தில், தென்னாப்பிரிக்கக் கிராமங்களில் லட்சத்தில் 5 பேருக்கும் குறைவாகவே வந்தது. வம்சம் ஒன்று, நோயின் அளவில் பத்து மடங்குக்கு மேல் வேறுபாடு. பிட்ஸ்பர்க் நகர ஆய்வாளர்கள் இதை ஒரு சோதனையாகவே செய்து 2015-இல் வெளியிட்டனர். இரு பக்கமும் 20 பேர். இரண்டே வாரங்களுக்கு உணவை மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்கர்கள் நாளொன்றுக்கு சுமார் 55 கிராம் நார்ச்சத்துள்ள கிராமத்து உணவை உண்டார்கள். தென்னாப்பிரிக்கர்கள் கொழுப்பும் இறைச்சியும் மிகுந்த, நார்ச்சத்து சுமார் 12 கிராமே உள்ள உணவை உண்டார்கள்.

இரண்டு வாரத்தில் குடல் சுவரின் நிலை இடம் மாறியது. அமெரிக்கர்களின் குடலில் அழற்சி குறைந்தது, செல்பெருக்கம் தணிந்தது. தென்னாப்பிரிக்கர்களிடம் இரண்டும் கூடின. நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்யும்போது கிடைக்கும் பியூட்டிரேட் குடல் செல்களைப் பாதுகாக்கிறது. அமெரிக்கர்களிடம் அது இரண்டரை மடங்கானது. இரண்டு வாரத்தில் யாருக்கும் புற்று வரவோ போகவோ இல்லை. ஆனால் ‘இனத்தின் உடம்பு’ என்று நாம் நினைத்ததில் ஒரு பகுதி தட்டில் இருந்தது என்று இந்தச் சோதனை காட்டியது.

இதே பாடத்தை ஜப்பானியர்களிடமும் பார்த்திருக்கிறார்கள். ஹவாய்த் தீவுக்குக் குடியேறிய ஜப்பானியர்களிடம் இந்நோய் ஒரு தலைமுறைக்குள்ளேயே ஏறிவிட்டது. நம் மக்களிடமும் பார்க்கலாம். இந்தியாவில் இந்நோய் லட்சத்தில் 5 பேர் அளவில்தான் வருகிறது. சிங்கப்பூர் இந்தியர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களிடம் இது சென்னையில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். தாத்தாவின் ஊர் ஒன்றுதான். கப்பலேறிய பின் உணவு, உழைப்பு, ஆயுள், மருத்துவப் பதிவு எல்லாம் மாறின.

ஒரு கணக்குப் பாடம்

இனி உயிர்பிழைத்தலுக்கு வருவோம். ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் கணித ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து நடத்தக்கூடிய செயல்பாடு இது. எண்கள் கற்பனையானவை, மாணவருக்கும் அதைச் சொல்லிவிடுங்கள்.

மேலூர், கீழூர் என்று இரண்டு ஊர்கள். ஒவ்வொன்றிலும் 100 நோயாளிகள். இரண்டு ஊரிலும் நோய் ஒரே மாதிரி: தொடக்கத்தில் கண்டறிந்தால் 100-க்கு 90 பேர் பிழைப்பார்கள், முற்றிய பின் கண்டறிந்தால் 15 பேர் பிழைப்பார்கள். கீழூரில் மருத்துவமனை அருகில் இருப்பதால் 60 பேர் தொடக்கத்திலும் 40 பேர் முற்றிய நிலையிலும் வருகிறார்கள். மேலூரில் 20 பேர் தொடக்கத்திலும் 80 பேர் முற்றிய நிலையிலும் வருகிறார்கள்.

கீழூர்: 60-இல் 54 பேர், 40-இல் 6 பேர். மொத்தம் 60 பேர் பிழைக்கிறார்கள்.
மேலூர்: 20-இல் 18 பேர், 80-இல் 12 பேர். மொத்தம் 30 பேர் பிழைக்கிறார்கள்.

உடம்பில் ஒரு வேறுபாடும் இல்லை. ஆனாலும் ஒரு ஊரில் பிழைப்பவர்கள் மற்ற ஊரைப் போல் இருமடங்கு. மொத்த எண்ணை மட்டும் பார்த்த ஒருவர் ‘மேலூர்க்காரர்களின் கட்டி கொடியது’ என்று எழுதிவிடுவார். நிலைவாரியாகப் பிரித்துப் பார்த்தவர் அப்படி எழுதமாட்டார்.

அடுத்த கேள்வி: ஒரே நிலையில் வந்தவர்களை மட்டும் ஒப்பிட்டும் மேலூர்க்காரர் குறைவாகப் பிழைத்தால்? அப்போது அறுவை சிகிச்சை காலத்தில் நடந்ததா, மருந்தை முழுச் சுற்றும் எடுத்தார்களா, உடன் வேறு நோய் இருந்ததா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். அத்தனையும் பார்த்த பிறகும் எஞ்சி நிற்கும் இடைவெளியைத்தான் உயிரியல் என்று சந்தேகிக்கலாம். அமெரிக்காவில் இப்படிப் படிப்படியாகக் கழித்துப் பார்த்தபோது இடைவெளியின் பெரும்பகுதி கரைந்துபோனது.

டெலவேர் மாநிலம் செய்தது

கழித்துப் பார்த்தது காகிதக் கணக்கு. டெலவேர் என்னும் சிறிய அமெரிக்க மாநிலம் அதை ஊரில் செய்து பார்த்தது. 2001-க்குப் பிறகு, காப்பீடு இல்லாதவர்களுக்கும் கொலனோஸ்கோப்பி இலவசம் என்று அறிவித்தார்கள். நோய் உறுதியானால் சிகிச்சைச் செலவை அரசு ஏற்றது. ஒவ்வொரு மருத்துவமனையிலும் செவிலியர்களை அமர்த்தினார்கள். அவர்கள் மக்களைத் தேடிச் சென்று பேசி, நாள் குறித்து, அழைத்துவந்து, முடிவு வரும்வரை உடன் நின்றார்கள்.

2001-இல் கறுப்பினத்தவரில் 48 சதவீதம் பேரே பரிசோதனை செய்திருந்தார்கள். 2009-இல் அது 74 சதவீதமாகி வெள்ளையருக்குச் சமமானது. பரவிய நிலையில் கண்டறியப்படுவோர் 79 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாகக் குறைந்தனர். லட்சத்துக்கு 31 ஆக இருந்த இறப்பு 18 ஆக இறங்கியது. வெள்ளையரின் இறப்பு அப்போது சுமார் 17. ஏறத்தாழ எட்டே ஆண்டுகளில் இனங்களுக்கு இடையிலான இடைவெளி கிட்டத்தட்ட மூடிக்கொண்டது. இந்த எட்டு ஆண்டுகளில் யாருடைய மரபணுவும் மாறவில்லை.

உயர்வகுப்பு மாணவர்களுக்கு ஒரு நுட்பம். பிழைத்தல் சதவீதம் மட்டும் உயர்வதை வெற்றி என்று சொல்லிவிட முடியாது. நோயை முன்கூட்டிக் கண்டறிந்தாலே ‘கண்டறிந்த பின் வாழ்ந்த ஆண்டுகள்’ கூடித் தெரியும். எனவே லட்சத்துக்கு எத்தனை இறப்பு என்பதையும் பார்க்க வேண்டும். டெலவேரில் அது குறைந்ததால்தான் வெற்றி என்கிறோம்.

நம் நாட்டிலும் இதற்கு இணை உண்டு. மகாராஷ்டிரத்தின் பார்சியில் 1987-இல் நாட்டின் முதல் கிராமப்புறப் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கியது. பதிவேட்டுப் பணியாளர்கள் விவரம் எழுத ஊர் ஊராகச் சென்றபோது அறிகுறிகளைப் பற்றியும் பேசினார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோயோடு தொடக்க நிலையிலேயே வந்த பெண்களின் பங்கு அதனால் உயர்ந்தது. பெரிய கருவிகள் எதுவும் அங்கே இறங்கவில்லை.

தமிழ்நாட்டில் இந்த நோயின் இடம்

தமிழ்நாட்டின் புற்றுநோய் மருத்துவ வரலாறே இந்த நோயிலிருந்து தொடங்குகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-இல் இளம் வயதில் மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். அந்த இழப்பே சென்னையில் புற்றுநோய்க்கென ஒரு மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணத்தை அவருக்குள் விதைத்தது. அடையாறு புற்றுநோய் நிலையம் 1954-இல் உருவானது. பின்னர் டாக்டர் வி. சாந்தா அதை வளர்த்தார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் 1981-இல் தொடங்கியபோது சென்னைப் பதிவேடு இந்த நிலையத்தில்தான் அமைந்தது. இன்று மாநிலம் முழுவதற்குமான பதிவேட்டுத் திட்டமும் நடக்கிறது.

‘இந்தியர்களுக்கு இந்த நோய் இளம் வயதிலேயே வருகிறது’ என்று நாளிதழ்களில் படிக்கிறோம். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 800 நோயாளிகளை ஆராய்ந்தபோது சராசரி வயது 47 அளவில் இருந்தது. அமெரிக்காவில் பாதிக்கும் மேற்பட்ட நோயாளிகள் 60 வயதைத் தாண்டியவர்கள். உடனே ‘இந்திய உடம்பு’ என்று தாவிவிடக் கூடாது. மாணவரிடம் இன்னொரு கணக்கைக் கொடுங்கள்.

ஒரு லட்சம் பேர் கொண்ட இரண்டு நாடுகள். ஒன்றில் 80,000 பேர் 50 வயதுக்குக் கீழ், 20,000 பேர் அதற்கு மேல். மற்றதில் 60,000 பேர் கீழ், 40,000 பேர் மேல். இரண்டிலும் நோய் வரும் விகிதம் ஒன்றே: இளையோரில் 10,000-க்கு ஒருவர், மூத்தோரில் 10,000-க்கு 10 பேர். முதல் நாட்டில் 28 நோயாளிகள், அவர்களில் 8 பேர் இளையவர்கள், அதாவது 29 சதவீதம். இரண்டாவதில் 46 நோயாளிகள், 6 பேர் இளையவர்கள், 13 சதவீதம். இளைஞர்கள் நிறைந்த நாட்டில் இளம் நோயாளிகளின் பங்கு தானாகவே கூடுகிறது.

டாட்டா மருத்துவமனை ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. முத்திரை மோதிர வடிவச் செல்களைக் கொண்ட, வேகமாகப் பரவும் ஒருவகைக் கட்டி அங்கே 100-க்கு 13 பேர் அளவில் இருந்தது. மேலைநாடுகளில் அது ஒரு சதவீதம் அளவில்தான். இதை வயதுக் கணக்கால் மட்டும் விளக்கிவிட முடியாது. கட்டியின் உயிரியலைத் தொடர்ந்து ஆராய்வதற்கு இது நல்ல காரணம். உயிரியலைக் கேட்பது தவறல்ல. மற்றதையெல்லாம் கேட்காமல் உயிரியலில் போய் நிற்பதுதான் தவறு.

ஏற்காட்டிலிருந்து பார்த்தால்

சேர்வராயன் மலையில் வாழும் பழங்குடியினர் மலையாளி எனப்படுகின்றனர். மலையை ஆளுபவர், மலையில் வாழ்பவர் என்று பொருள், கேரளத்தோடு தொடர்பில்லை. பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் வரலாறு.

அரசுப் பட்டியலில் சேலம், தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களின் மலையாளி மக்கள் பழங்குடியினர். ஈரோடு மாவட்டப் பர்கூர் மலையில் வாழும் அதே மலையாளி மக்கள் அந்தப் பட்டியலில் இல்லை. பல்லாண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். ஒரே பெயர், ஒரே வழிபாடு, ஒரே மொழி. நடுவில் மாவட்ட எல்லை. மனிதர்களைப் பிரிக்கும் பெயர்கள் எங்கே உருவாகின்றன என்று சமூக அறிவியல் வகுப்பில் கேட்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. இந்தப் பெயர்களால் கிடைக்கும் உரிமைகள் முக்கியமானவை. ஆனால் அவை உடற்கூறு அல்ல.

உடற்கூறு அல்ல என்றால் எது வேறுபடுகிறது? நாகலூர், வாழவந்தி, மஞ்சக்குட்டை, செம்மநத்தம் பக்கத்து ஊர்களிலிருந்து ஏற்காட்டு அரசு மருத்துவமனைக்கு வரவே பேருந்து நேரம் பார்க்க வேண்டும். கொலனோஸ்கோப்பி போன்ற பரிசோதனைக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இறங்க வேண்டும். போனால் ஒரு நாள் கூலி போகும். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் அந்த ஒரு நாளை விட மனம் வராது. துணைக்கு ஒருவர் வந்தால் இரண்டு கூலி.

இதற்கு மேல் ஒரு சொல் தடுக்கிறது. ‘மூலம்’ என்ற சொல். மலத்தில் ரத்தம் வந்தால் மூலம் என்போம், சூடு என்போம், ரத்தக்கடுப்பு என்போம். மூலம், பௌத்திரத்துக்கு உத்தரவாதம் தரும் சுவர் விளம்பரங்கள் மலையிலும் உண்டு, சமவெளியிலும் உண்டு. ரத்தம் வரும் பெரும்பாலோருக்கு அது மூலமாகவே இருக்கும். ஆனால் அதை உறுதிசெய்ய வேண்டியவர் மருத்துவர். அவர் விரலால் சோதித்தாலே கீழ் மலக்குடலில் உள்ள பல கட்டிகள் தெரிந்துவிடும். சுவர் விளம்பரத்தை நம்பிக் காலம் கழிந்தால் மேற்சொன்ன கணக்கில் ஒருவர் 90-இலிருந்து 15-க்கு நகரக்கூடும்.

மலைக்கு ஒரு வலிமையும் உண்டு. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 11 கிராம் நார்ச்சத்து, சாமையில் சுமார் 8 கிராம், பட்டை தீட்டிய வெள்ளரிசியில் சுமார் 3 கிராம். சாமைச்சோறும் களியும் தென்னாப்பிரிக்கக் கிராமத்து உணவுக்கு உறவு. அவை ஏழ்மையின் அடையாளமாக எண்ணப்பட்டு வீட்டை விட்டுப் போய்க்கொண்டிருக்கின்றன. தன் பாட்டியின் உணவு உலக ஆய்விதழில் மருந்தாகப் பேசப்படுகிறது என்று கேட்கும் பிள்ளை நிமிர்ந்து உட்காரும்.

வகுப்புவாரியாகச் செய்யக்கூடியவை

தொடக்க வகுப்புகள்: நேற்று உண்டவற்றை வரைந்து, நார்ச்சத்து உள்ளதைப் பச்சை வண்ணத்தில் வட்டமிடச் செய்யலாம். வீட்டுப் பெரியவர் சிறுவயதில் உண்ட சிறுதானியங்களின் பெயர்களைக் கேட்டு வரச் சொல்லலாம். வயிறு, மலம் பற்றிச் சிரிப்பில்லாமல் பேசப் பழக்குவதும் பாடமே.

6 முதல் 8 வரை: தங்கள் ஊரிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையம், வட்ட மருத்துவமனை, மாவட்ட மருத்துவமனை ஆகியவற்றுக்குத் தூரம், பயண நேரம், கட்டணம், இழக்கும் கூலி ஆகியவற்றை அட்டவணையாக்கலாம். பள்ளி முழுவதற்கும் ஒரே வரைபடமாக ஒட்டலாம்.

9, 10: மேலூர், கீழூர் கணக்கு. பின் மேலூரின் தொடக்க நிலை எண்ணை 20-இலிருந்து 50 ஆக்கினால் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று கேட்கலாம். 45 பேரும் 7 அல்லது 8 பேரும், அதாவது ஏறத்தாழ 52 பேர்.

11, 12: கட்டியின் சடுதி மாற்றம், பரம்பரை மாற்றம் ஆகியவற்றைப் பிரித்து எழுதச் செய்யலாம். ‘இனம் ஒரு நோய்க்காரணியா?’ என்று சான்றுகளோடு விவாதிக்கச் செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை. எந்த மாணவரையும் ‘உங்க ஆளுங்களுக்கு’ என்று சுட்டி எடுத்துக்காட்டாக்கக் கூடாது. குடும்பத்தில் புற்றுநோய் உள்ள பிள்ளை வகுப்பில் இருக்கக்கூடும். ‘ஐந்தாண்டு பிழைத்தல்’ என்று நாம் சொல்லும்போது அந்தப் பிள்ளை தன் அப்பாவின் ஆண்டுகளை எண்ணும். எனவே ஒவ்வொரு எண்ணோடும் அதை மாற்ற முடியும் என்பதையும் சேர்த்தே சொல்வோம்.

வீட்டுக்குப் போக வேண்டிய செய்தி

கீழ்க்காண்பவற்றை ஒரு பக்கமாக எழுதி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாசிக்கலாம்.

மலத்தில் ரத்தம் வந்தால், வெளிக்குப் போகும் வழக்கம் மூன்று வாரத்துக்கு மேல் மாறியிருந்தால், காரணமின்றி எடை குறைந்தால், இரும்புச்சத்து மாத்திரை உண்டும் ரத்தசோகை தீராவிட்டால், அடிவயிற்று வலி தொடர்ந்தால் அரசு மருத்துவரிடம் காட்டுங்கள். குடும்பத்தில் யாருக்காவது இளம் வயதில் இந்நோய் வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். புகையிலை, மது இரண்டும் ஆபத்தைக் கூட்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சை உண்டு, அட்டையை இப்போதே எடுத்து வையுங்கள்.

அரசின் தொற்றாநோய்த் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கு மக்களைத் தேடிப் பரிசோதனை நடக்கிறது. பெருங்குடலுக்கு அப்படி இல்லை. எனவே இந்த நோயில் அறிகுறியைச் சொல்லும் வாயும் அதைக் கேட்கும் காதுமே முதல் பரிசோதனை. அமெரிக்காவில் 2021 முதல் 45 வயதிலேயே பரிசோதனை தொடங்கப் பரிந்துரைக்கிறார்கள். ஆசிரியர் அறையில் 45-ஐத் தாண்டியவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். தேர்வுப் பணி, விடைத்தாள் திருத்தம் என்று மருத்துவரிடம் போவதை நாமும் தள்ளிப் போடுகிறோம். இந்தக் கோடை விடுமுறையில் ஒரு நாளை அதற்கென ஒதுக்குங்கள். பெற்றோரிடம் சொல்வதை நாம் முதலில் செய்வோம்.